பிள்ளையார் கரையும் முனி கரையும்

எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாமி உண்டு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதற்கு முன்னால் கவ்வாத்துச் சாமி. தொழிற்சாலையில் சக்கரம் சுற்றுவதற்கு முன்னால் ரோதை முனி. கொழுந்து எடுக்கிற மலைகளில் மலைக்கு ஒரு கல், கல்லுக்கு ஒரு பொட்டு. கும்பிடாமல் வேலை தொடங்கினால் கத்தி காலில் விழும், அல்லது அட்டை கடிக்கும். கும்பிட்டாலும் அட்டை கடிக்கும், ஆனால் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். மீன் வளர்ப்புக்கு மட்டும் எங்களிடம் சாமி இல்லை, ஏனென்றால் அதுவரை அங்கே யாரும் மீன் வளர்த்ததில்லை. அந்தக் குறையை என் அக்கா தீர்த்து வைத்தாள். அதனால் நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் அப்போது தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. ரயில் பாதை இன்னும் பண்டாரவளையைத் தாண்டி வராத காலம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது, சாயங்காலம் கொழுந்து நிறுப்பது, நடுவில் துரையிடம் திட்டு வாங்குவது என் உத்தியோகம். அக்கா, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டவள். அத்தான் காய்ச்சலில் போன பிறகு ஒரு பசுமாட்டைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஒனக்குப் பாரமா இருக்க வரலே. எனக்கு ஒரு துண்டு நெலம் மட்டும் காட்டு," என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

மாட்டுப்பட்டிக்குக் கீழே ஒரு சதுப்பு கிடந்தது. தேயிலை வராத நிலம், ஆகையால் தோட்டத்துக்கு அது நிலமே இல்லை. துரையிடம் கேட்டேன், கையை வீசிக் காட்டிவிட்டுப் போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அக்கா அந்தச் சேற்றில் தண்ணீர் வடியக் கானு வெட்டி, பாத்தி கட்டி, கோவா என்கிற முட்டைக்கோசும் போஞ்சி அவரையும் பீட்ரூட்டும் போட்டாள். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பெண்கள் வேலை விட்டுப் போகிற வழியில் காய் வாங்கினார்கள். துரை பங்களாவுக்கும் போனது. நாளாவட்டத்தில் அவள் என்னிடம் பேசியதைவிடப் பாத்திகளிடம் பேசியதுதான் அதிகம். என்னிடம் பேசினாலும் பாத்திகளைப் பற்றித்தான் பேசுவாள்.

எங்கள் துரைக்கு மீன் பைத்தியம். முன்னே ஒரு தடவை நுவரெலியாப் பக்கமிருந்து ட்ரவுட் மீன் குஞ்சுகள் கொண்டுவந்து ஓடையில் விட்டார். அவை எங்கே போயின என்று ஓடைக்குத்தான் தெரியும். பிறகு ஏதோ ஒரு பத்திரிகையில் படித்தாராம், சீன தேசத்து விவசாயிகள் மாட்டையும் மீனையும் காய்கறியையும் ஒரே இடத்தில் வளர்க்கிறார்கள் என்று. ஒருநாள் குதிரையை அக்காவின் பாத்தி ஓரத்தில் நிறுத்தி, இறங்காமலே எனக்கு விளக்கினார்.

"கணக்கப்பிள்ளை. இங்கே குளம் வெட்டு. மாட்டுச் சாணி குளத்துக்குப் போகும். மீன் அது தின்னும். குளத்துச் சேறு கோவாவுக்குப் போகும். கோவா அது தின்னும். நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விருந்துக்கு, நம்ம சிநேகிதர் வரும். நாங்க மீனும் கோவாவும் தின்னும்."

"நல்லதுங்க துரை."

"நத்தார் மேசைக்கு மீன் வந்தா, இந்த நெலம் ஒன் அக்காவுக்கு. நான் இருக்கிற வரைக்கும் யாரும் கேட்க மாட்டான். மீன் வரலே, இங்கே தேயிலை நாற்றுமேடை."

குதிரை ஒரு போஞ்சிக் கொடியைக் கடித்துக்கொண்டு போயிற்று. அக்கா களைக்கொட்டோடு நிமிர்ந்து, "என்ன சொல்றாரு?" என்றாள். சொன்னேன். களைக்கொட்டைச் சேற்றில் குத்தி நிறுத்தினாள். பிறகு, "மீனுக்கும் என் கோவாவுக்கும் என்னடா சம்பந்தம்? அந்தாளுக்கு மீன் வேணும்னா கடலுக்குப் போகச் சொல்லு," என்றாள். ஆனால் அவள் முகம் வெளுத்திருந்தது. அந்தச் சதுப்பு போனால் அவள் மறுபடியும் என் வீட்டு வாசலில் நிற்கிறவள்தான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

கவ்வாத்து ஆட்களைக் கொண்டு குளம் வெட்டினோம். மேல் பக்கம் மாட்டுப்பட்டி கழுவுகிற தண்ணீர் வந்து விழ ஒரு வாய்க்கால், கீழ்ப் பக்கம் பாத்திகளுக்குத் தண்ணீர் விட ஒரு மூங்கில் குழாய். மகியங்கனைப் பக்கத்துக் குளத்திலிருந்து கெண்டைக் குஞ்சுகளை மண்ணெண்ணெய்த் தகரங்களில் போட்டு வண்டியில் ஏற்றிவந்தார்கள். மீன் மூச்சுமுட்டிச் சாகக்கூடாது என்று வண்டிக்காரன் வழியெல்லாம் தகரத்துத் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே வந்தானாம். பதுளைக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தியபோது, வண்டிக்காரனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று ஒரு கடைக்காரர் அவனுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார்.

தகரங்கள் கரையில் வந்து இறங்கின. அப்போதுதான் அக்கா, "சாமி வெக்காம மீன விடக்கூடாது," என்றாள்.

நியாயமான பேச்சுத்தான். எந்தச் சாமி என்பதில்தான் வினை பிடித்தது. பெரிய கங்காணியார், அவர்தான் கோயில் தலைவரும்கூட, "முனியாண்டிய வெப்போம். நம்ம தோட்டத்துக்கு அவர்தானே எல்லாம்," என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் அப்பன் ஊர் திருச்சிப் பக்கம். அங்கே ஏரிக்கரை என்றால் பிள்ளையார்தான், பிள்ளையார் இல்லாத கரை நிற்காது என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். அந்த ஏரியை அவள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. "கரை ஒடைஞ்சா மீனு போகும், மீனு போனா என் நெலம் போகும். புள்ளையாருதான்," என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஓடையிலிருந்து தொந்தியும் தும்பிக்கையுமாகத் தோன்றிய ஒரு கல்லை அவளே தேடி எடுத்து, மஞ்சள் பூசி, அருகம்புல் சாத்தி, கரையில் உட்கார்த்தினாள். கங்காணியார் தேங்காய் உடைத்தார். மீன்களை விட்டோம். பிள்ளையார் சைவம் என்பது அந்த வேளையில் எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. முனியாண்டியாக இருந்தால் கருவாடு தின்பார், சேவல் தின்பார், சாராயம் குடிப்பார். மீன் பிடித்தால் தன் பங்கைக் கேட்டிருப்பார், அவ்வளவுதான்.

துரை சொன்னது என்னவோ பலித்தது. பட்டி கழுவிய தண்ணீர் விழுந்து குளம் பச்சையாயிற்று. கெண்டைகள் அந்தப் பாசியைத் தின்று கொழுத்தன. கோவாவின் வெளி இலை, முற்றிய போஞ்சி, மண்புழு, எதைப் போட்டாலும் மிச்சம் வைப்பதில்லை. அடியில் படிந்த சேற்றைக் கூடையில் அள்ளிப் பாத்திக்குப் போட்டால் பீட்ரூட் தேங்காய் அளவுக்குப் பருத்தது. மழை இல்லாத மாதங்களில் மூங்கில் குழாயைத் திறந்துவிட்டால் பாத்தி நனைந்தது. அக்காவின் காய்களைப் பார்க்கப் பூனாகலையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கோவா ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டார். அக்கா, "மீனு," என்றாள். அவர் அதை நம்பாமல் போய்விட்டார்.

அக்கா காலையும் மாலையும் ஒரு தகர வாளியில் தவிடு கொண்டுபோவாள். கரைக் கல்லில் வாளியை இரண்டு தட்டுத் தட்டி, "வாங்கடா தின்னிப் பயலுகளா," என்பாள். அந்தப் பக்கத் தண்ணீர் முழுக்க வாயாகிவிடும். சிலது அவள் விரலைச் சப்பும். "ச்சீ போ, இவன் ஒருத்தன், வெக்கங்கெட்டவன்," என்று ஒரு வால் அறுந்த கெண்டையைத் திட்டுவாள். திட்டிவிட்டு அதற்கு மட்டும் தனியாக ஒரு பிடி போடுவாள். அவள் குரலில் அந்த இளக்கத்தை நான் அத்தான் இருந்தபோது கேட்டதோடு சரி.

இதற்கிடையில் லயத்தில் ஒருத்திக்கு மோவாயில் மரு இருந்தது. ஊரில் கோயில் குளத்தில் வெல்லம் போட்டால், வெல்லம் கரைகிற மாதிரி மருவும் கரையும் என்று செய்வார்கள். அவள் எங்கள் குளத்தில் வெல்லம் போட்டாள். மரு போய்விட்டது. அவள் அதைத் தினமும் நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்ததை நான் பெரட்டில் பார்த்திருக்கிறேன், இருந்தாலும் போனது போனதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை குளத்தங்கரையில் கூட்டம். மரு உள்ளவர்கள் வெல்லத்தோடும், மரு இல்லாதவர்கள் பொரியோடும் வந்தார்கள். பிள்ளையாருக்கு யாரோ ஒரு வேட்டி கட்டினார்கள். தலைக்கு மேலே தகரக் கூரை வந்தது. கெண்டைகள் பொரி தின்று இன்னும் கொழுத்தன. துரை ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "நல்லா வருது, நல்லா வருது," என்று சந்தோஷமாகப் போனார்.

நத்தாருக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மீன் எந்த அளவு இருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். கவ்வாத்து ஆட்களில் ஒருவன் காவிரிக்கரைக்காரன், வலை வீசத் தெரிந்தவன். அவனைக் கூட்டிப் போனேன். அவன் கரையில் நின்று வலையைத் தோளில் போட்டான், பிள்ளையாரைப் பார்த்தான், வலையைக் கீழே வைத்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"என்னப்பா?"

"புள்ளையாரு மீனுங்க, ஐயா. நான் புள்ளகுட்டிக்காரன்."

அதற்குள் பொரி போட வந்த பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மரு போனவள்தான் முன்னால் நின்றாள். "ஐயா, கோயில் கொளத்து மீன யாராச்சும் திம்பாங்களா? தோட்டத்துக்கே ஆகாதுங்க," என்றாள். அவள் மோவாய் மழமழவென்று இருந்தது, நான் வலையைச் சுருட்டச் சொன்னேன்.

விஷயம் கங்காணியார் முற்றத்தில் பேச்சுக்கு வந்தது. துரைக்கு மீன் போகாவிட்டால் அக்காவின் நிலம் நாற்றுமேடையாகும் என்பதை நான் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் அக்காவுக்காக வருத்தப்பட்டார்கள், அவள் கையால் காய் வாங்காத வீடு இல்லை. ஆனால் மீனை விட யாரும் தயாரில்லை. பிள்ளையாரை வேறிடத்துக்கு மாற்றலாமா என்று கேட்டேன். வைத்த பிள்ளையாரை எடுத்தால் கரை உடையும் என்றார்கள். அதைச் சொல்லி அவரை அங்கே வைத்தவளே அக்காதான், ஆகையால் அவளாலும் வாயைத் திறக்க முடியவில்லை.

கங்காணியார் வெற்றிலையை மென்று துப்பிவிட்டு ஒரு வழி சொன்னார். "புள்ளையாரு கரையில புள்ளையாரு இருக்கட்டும். எதுத்த கரையில முனியாண்டிய வெப்போம். நடுவுல ஒரு தட்டி கட்டி, தட்டியில ஒரு வாசல் விடுவோம். இந்தப் பக்கம் இருக்கிற மீனு புள்ளையாருது. தானா முனி பக்கம் போன மீனு முனியோடது. முனி மீனப் புடிச்சா யாருக்கென்ன?"

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. இதில் ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று எல்லோரும் யோசித்தார்கள். மரு போனவள், "தொரத்தி விடக்கூடாது. தானாப் போகணும்," என்றாள். அதுவும் சேர்க்கப்பட்டது.

மூங்கில் தட்டி கட்டினோம். எதிர்க்கரையில் ஒரு கல், ஒரு சூலம், ஒரு சேவல், சாராயம், சுருட்டு. முனியாண்டி தன் கரையில் தயாராக இருந்தார். காவிரிக்கரைக்காரனும் வலையோடு தயாராக இருந்தான். மீன்கள் மட்டும் வரவில்லை. ஏன் வரப் போகின்றன? பொரி பிள்ளையார் கரையில், வெல்லம் பிள்ளையார் கரையில். முனி பக்கம் நான் தவிடு தூவினேன். அது மிதந்து ஊறி அடியில் போயிற்று. அக்காவின் வாளியைக் கொண்டுவந்து தட்டினேன். "வாங்கடா," என்றேன். ஒரு தவளை வந்தது. கங்காணியார் தட்டிப் பார்த்தார். அவர் குரலுக்கு லயத்தில் நடுங்காத ஆள் கிடையாது, குளத்தில் ஒரு குமிழி வரவில்லை. பெண்களை ஒரு வெள்ளிக்கிழமை பொரி போடாமல் இருக்கச் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த மரு எனக்குத்தான் வரும் போலிருந்தது.

பங்களாவிலிருந்து சமையல் பார்க்கிற குசினிக்காரர் ஆள் அனுப்பினார்: விருந்துக்கு நாளைக்கே மீன் வேண்டும், எத்தனை வரும், எந்த அளவு? மேட்டு நிலத்தில் நாற்றுமேடைக்கென்று ஏற்கெனவே கம்புகள் வெட்டி அடுக்கியிருந்தார்கள். அக்கா அந்தக் கம்புகளின் வழியாகத்தான் தினமும் போகவேண்டும்.

அன்று மத்தியானம் அக்கா பாத்தியிலிருந்து வந்து கை கழுவினாள். என்னிடம், "வலைக்காரன வரச் சொல்லு," என்றாள். பிறகு, "நான் கூப்பிட்டா வரும்," என்றாள்.

நான், "வேணாம் அக்கா, வேற ஏதாவது பார்ப்போம்," என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பார்ப்பதற்கு வேறு வழி ஏதும் இருக்கவில்லை.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு முனி கரைக்குப் போனாள். பெண்கள் பிள்ளையார் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் துரத்தக்கூடாது, அதைக் கவனிக்க வந்திருந்தார்கள். அக்கா முழங்கால் போட்டு உட்கார்ந்து கல்லில் வாளியைத் தட்டினாள். "வாங்கடா தின்னிப் பயலுகளா." குரல் சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். பிள்ளையார் கரையில் பொரியை அப்படியே விட்டுவிட்டு எல்லாம் திரும்பின. தட்டியில் விட்ட வாசல் சின்னது. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, நெருக்கிக்கொண்டு, அவளிடம் வந்தன. வால் அறுந்தது முதலில் வந்தது. அவள் கையை நீட்டினாள். அது விரலைச் சப்பியது. அவள் மற்றக் கையால் அதைத் தள்ளித் தள்ளி, வாசல் பக்கமாக விரட்டிப் பார்த்தாள். "போடா. போன்னா போ," என்றாள். அது விளையாட்டு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப வந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு வலைக்காரனுக்குத் தலையசைத்தாள்.

எதிர்க்கரையில் மரு போனவள், "தானாத்தான் போச்சு," என்றாள். எல்லோரும் ஆமோதித்தார்கள்.

நத்தாருக்கு மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். மீன் பெரிசு, ரொம்பப் பெரிசு, கொஞ்சம் சேற்று வாடை என்றார். சிநேகிதர்கள் ஆளுக்கு ஒரு வாய் தின்றார்களாம், மிச்சத்தை நாய்க்குப் போட்டார்களாம். ஆனால் அவர் வாக்குத் தவறுகிறவர் இல்லை. நிலம் அக்காவுக்கு, தான் இருக்கிற வரைக்கும். இனிமேல் மீன் அனுப்ப வேண்டாம், கோவா மட்டும் அனுப்பு என்றும் சொன்னார். நான் அதை அப்படியே அக்காவிடம் வந்து சொன்னேன், நாய் விஷயத்தைத் தவிர. அதை அவள் குசினிக்காரர் மூலமாகத் தெரிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் குளத்துத் தண்ணீர் மொண்டு நான் பார்க்கவில்லை. பாத்திக்குத் தூரத்து ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். பிடிபடாத மீன்கள் இன்னும் நிறையவே இருந்தன. அவற்றைப் பெண்களின் பொரிக்கு விட்டுவிட்டாள். தகர வாளியை மாட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். குளத்தைத் தாண்டாமல் பாத்திக்குப் போக வழியில்லை. அந்த இடத்தில் மட்டும் முந்தானையை இழுத்துச் செருகி, காலை மெதுவாக எடுத்து வைத்து, கள்ளன் போகிற மாதிரி போவாள். நிலம் இப்போது அவளுடையது, யாரும் கேட்க முடியாது. சொந்த நிலத்தில் சத்தம் கேட்காமல் நடந்த ஒரே ஆள் என் அக்காதான்.

ஒருநாள் சாயங்காலம் நான் அவளோடு கூடப் போனேன். கரையில் கால் வைத்ததும் அவள் விரலை வாயில் வைத்து எனக்குச் சைகை காட்டினாள். இரண்டு அடி எடுத்து வைத்திருப்போம். தண்ணீர் அசைந்தது. ஒவ்வொன்றாக வாயைத் திறந்துகொண்டு அவள் பக்கத்துக் கரைக்கு வந்து நின்றன. எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

அக்கா நின்றுவிட்டாள். ரொம்ப நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுகளுக்குக் கோவமே வராதாடா, தம்பி?" என்றாள்.

"மீனுதானே, அக்கா."

"அதான் கேக்குறேன்," என்றாள்.

பிறகு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். நான் அவளுக்கு மனசு சரியில்லை என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். அவள் அடுக்களையில் தவிட்டுப் பானையைத் திறந்து, வாளி இல்லாததால் மடியில் அள்ளிக்கொண்டிருந்தாள்.